நான்காம் மாடி உறவினர்கள்

மார்ச் 2

அன்புத் தம்பிக்கு,

கப்பலில் நலம்தானே? இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை. உன் நான்காம் மாடி வீட்டில் இரண்டு நாள் வாடகைக்குத் தங்க வந்த நாலு பேர் நேற்று மத்தியானம் படிக்கட்டிலேயே அடித்துக்கொண்டார்கள். ஒருவன் இன்னொருவன் முகத்தில் பாட்டிலை உடைத்தான். என்ன சத்தம் என்று கதவைத் திறந்த மூன்றாம் மாடி டீச்சரைச் சுவரில் மோதித் தள்ளினார்கள். அவருக்கு மணிக்கட்டு முறிந்துவிட்டது. ரத்தத்தை நானும் அத்தானும்தான் கழுவினோம். "மச்சான் வாங்கினது வீடா, குஸ்தி மைதானமா?" என்றார் உன் அத்தான்.

மாதக் கடைசியில் குடியிருப்போர் சங்கக் கூட்டம். முப்பது நாளுக்குக் குறைவாக யாரும் வீட்டை வாடகைக்கு விடக் கூடாது என்று தீர்மானம் வருகிறது. செயலாளர் நான். என்னடா செய்யட்டும்?

அன்புடன்,
அக்கா

மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

துறைமுகத்தில் கடிதம் கிடைத்தது. டீச்சரிடம் என் வருத்தத்தைச் சொல். ஆனால் மாத வாடகைக்கு ஆள் வைத்துவிட்டால், கரைக்கு வரும் இரண்டு மாதமும் நான் எங்கே படுப்பேன்? உன் ஹாலில், அத்தானின் குறட்டைக்குப் பக்கத்திலா? எனக்கென்று இருப்பது அந்த வீடு ஒன்றுதான். நீ மனது வைத்தால் வழி இருக்கும்.

உன் தம்பி

மார்ச் 30

தம்பி,

தீர்மானம் நிறைவேறியது. உறவினர் தங்கினால் மட்டும் விலக்கு. பதிவேட்டில் உன் வீட்டுக்கு நேரே 'தங்குவோர் செயலாளரின் உறவினர்' என்று என் கையால் எழுதினேன். எதிரே டீச்சர் கட்டுப்போட்ட கையோடு உட்கார்ந்திருந்தார்.

வருகிறவர்கள் கேட்டில் "செயலாளரம்மாவோட சொந்தம்" என்று சொன்னால் போதும். அப்படிச் சொல்பவர்களை நிறுத்தாதே என்று வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டேன். ஆள் அனுப்பும் புரோக்கருக்கும் தெரியும். உன் வாசலில் தொங்கும் சாவிப் பெட்டியின் பூட்டு எண்ணை மட்டும் ஒவ்வொரு ஆளும் போனதும் மாற்றிவிடலாமா?

அக்கா

ஏப்ரல் 12

அக்கா, நீ தெய்வம்.

எண்ணை மாற்றாதே. ஒவ்வொரு தடவையும் வீட்டைத் திறந்து பெருக்கப் போகிறவர் அத்தான். கல்யாணமான நாளிலிருந்து அவர் மறக்காத ஒரே எண் உன் பிறந்த நாள்தான். அதுவும் நீ உதைப்பாய் என்ற பயத்தில். அதுவே இருக்கட்டும்.

தம்பி

மே 9

தம்பி,

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றேகாலுக்கு நடந்தது.

ஏப்ரலில் புருஷனோடு உன் வீட்டில் தங்கிப் போன பெண், போன வாரம் தனியாக வந்திருந்தாள். அவனுக்குப் பயந்து ஒளிய வந்தவள் என்று எங்களுக்குத் தெரியாது. அவன் கேட்டில் என் சொந்தம் என்றான். சாவிப் பெட்டியில் என் பிறந்த நாளை அமுக்கினான். உன் இஸ்திரிப் பெட்டியால் அவள் தலையில் அடித்தான். எத்தனை அடி என்று டாக்டரால் எண்ண முடியவில்லை. அவள் இறந்துவிட்டாள்.

சத்தம் கேட்டு ஓடிய அத்தான் அவனை இடுப்போடு பிடித்திருக்கிறார். நான் மேலே போனபோது வாசலில் கிடந்தார். இடது கண் போய்விட்டது. அவன் என்னைத் தாண்டி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, நிதானமாக இறங்கினான். கீழே மறித்த வாட்ச்மேனுக்கு இரண்டு விலா எலும்பு முறிவு. தெருமுனையில்தான் ஆட்கள் அவனைப் பிடித்தார்கள்.

"தெரியாத ஆள எப்படிய்யா உள்ள விட்ட?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அம்மாவோட சொந்தம்னான் சார். அப்படிச் சொன்னா நிறுத்தாதேன்னு அம்மாதான் சொன்னாங்க."

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். "அவன் உங்களுக்கு என்ன முறைம்மா?"

நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

அக்கா

மே 20

அக்கா,

அழுதேன். அத்தானை நினைத்துச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் நடந்தது நடந்துவிட்டது. தூரத்துச் சொந்தம் என்றே இன்ஸ்பெக்டரிடம் சொல்லிவிடு. இல்லையென்றால் விலக்கு போய்விடும். ஜூலையில் நான் எங்கே வருவேன்? ஒரு ஆளைப் பிடித்துச் சுவருக்கு வெள்ளையடிக்கச் சொல். அடுத்த மாதம் ஒரு குடும்பம் கேட்டிருக்கிறது.

தம்பி

ஜூன் 1

பெறுநர்: உரிமையாளர், நான்காம் மாடி

ஐயா,

இறந்தவரும் கொன்றவரும் எனக்கு எந்த முறையும் இல்லை என்றும், பதிவேட்டில் உள்ளது நான் எழுதிய பொய் என்றும் காவல் நிலையத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டேன். உங்கள் வீட்டுக்கான விலக்கைச் சங்கம் ரத்து செய்தது. முதலில் கை தூக்கியவர் டீச்சர். இரண்டாவது நான்.

சாவிப் பெட்டியைக் கழற்றியாகிவிட்டது. சாவி வாட்ச்மேனிடம் இருக்கிறது. ஜூலையில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளலாம். சுவருக்கு வெள்ளையடிக்கவில்லை.

கேட்டில் உங்கள் வீட்டு எண்ணை மட்டும் சொல்லவும். என் சொந்தம் என்று யார் வந்து நின்றாலும் உள்ளே விட வேண்டாம் என்று வாட்ச்மேனிடம் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்