நீங்கள் அடுப்புப் பற்றவைக்காத காலை

அக்கா,

முந்தாநாள் ஏற்காட்டு வீட்டைத் திறந்தோம். போர்வைகளை வெயிலில் போடலாமென்று அலமாரியைத் திறந்தேன். அந்துருண்டை வாசனையோடு உங்களுடைய அரக்கு நிற ஸ்வெட்டர் கைக்கு வந்தது. போன மே மாதம் நீங்களே மடித்து வைத்துவிட்டு வந்தது. ஐப்பசியில் நீங்கள் போய்விட்டீர்கள். அதை உதற மனம் வராமல் அப்படியே திரும்ப வைத்துவிட்டேன்.

ஒரே வீட்டில் வாக்கப்பட்டவர்கள் நாம். நீங்கள் மூத்த மருமகள், நான் அடுத்தவள். உங்கள் வீட்டுக்காரரான மாமாவுக்கு லாரித் தொழில் நன்றாக ஓடிய காலத்தில் அண்ணன் தம்பி மூன்று பேரும் சேர்ந்து வாங்கிய வீடு அது. மே பிறந்தால் நாமக்கல், வெண்ணந்தூர், ஜலகண்டாபுரம் என்று சொந்தம் அத்தனையும் மலையேறி வந்துவிடும். ஆண்களுக்குச் சீட்டு, அரட்டை, தூக்கம். பிள்ளைகளுக்கு ஏரி. நமக்கு மட்டும் அடுப்படி மாறும், அவ்வளவுதான். கீழே நாலு பேருக்குச் சமைத்தோம், மேலே நாற்பது பேருக்குச் சமைத்தோம். ஏற்காட்டு ஏரி எப்படியிருக்கும் என்று என் அம்மா கேட்டபோது எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஒரு வருடம், மலைக்கு வந்த மறுநாள் காலையில் நான் வழக்கம்போல் எழுந்து வந்தேன். அடுப்பு பற்றவைக்கவில்லை. நீங்கள் தலைசீவிப் பூ வைத்து, ஸ்வெட்டர் மாட்டி, கைப்பையோடு வாசலில் நின்றீர்கள்.

“சேலையை மாத்திட்டு வா சாமி, போட்ல போலாம்.”

“சமையலுங்கக்கா?”

நீங்கள் பதில் சொல்லுமுன் கூடத்திலிருந்து மாமாவின் குரல் வந்தது. “என்ன, இன்னும் டிபன் ஆகலியா?”

“ரவை டப்பாவுல இருக்குதுங்க, வெங்காயம் கூடையில இருக்குது. நாங்களும் லீவுக்குத்தானுங்க வந்திருக்கறோம். ஏரிக்குப் போயிட்டு வாரோம்.”

சத்தம் போடவில்லை நீங்கள். கடைக்குப் போய்வருகிறேன் என்பதுபோல்தான் சொன்னீர்கள். நான் சேலை மாற்றிக்கொண்டு வந்தேன். உங்கள் பின்னால் எல்லாப் பெண்களும் இறங்கி நடந்தோம்.

படகு நடு ஏரிக்குப் போனதும் நீங்கள் பேசுவதை நிறுத்திவிட்டீர்கள். பயமா என்று கேட்டேன். “இல்ல சாமி. கல்யாணமாகி வந்ததுல இருந்து வெயிலேறுன நேரத்துல நான் சும்மா உக்காந்தது இன்னிக்குத்தான்” என்றீர்கள்.

திரும்பி வந்தபோது வீடு கல்யாணம் நின்றுபோன வீடு மாதிரி இருந்தது. ஆண்கள் ஓட்டலில் வாங்கித் தின்றிருந்தார்கள். மாமா எல்லோர் முன்னாலும் கேட்டார். “பத்துப் பேருக்கு முன்னால என்ற மானத்த வாங்கிட்டியே?”

“சோறாக்காததுல போற மானம், இத்தன நாளா அரிசிப் பானைக்குள்ளயா இருந்துச்சுங்க?”

மலையிறங்கும்வரை அவர் உங்களோடு பேசவில்லை. நீங்களும் விட்டுக்கொடுக்கவில்லை. அடுத்த மே மாதத்திலிருந்து காலை டிபன் ஆண்கள் பங்கு, மதியத்துக்குச் சமையல்காரர் என்று ஆனது. முணுமுணுத்துக்கொண்டேதான் செய்தார்கள். ஆனால் செய்தார்கள்.

நீங்கள் இல்லாத முதல் மே இது. முந்தாநாள் சாயங்காலம் எல்லோரும் கூடத்தில் இருந்தபோது, நம் சின்னக் கொழுந்தனார் என்னைப் பார்த்துச் சொன்னார். “பெரிய அண்ணிதான் பிடிவாதமா இருந்தாங்க. இனி எதுக்குங்க அதெல்லாம்? பழையபடி நீங்களே ஆக்கிட்டா முடிஞ்சுது. பெரியண்ணன் வேற மனசொடிஞ்சு கெடக்கறாரு.”

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். பெண்கள் என்னைப் பார்த்தார்கள். இத்தனை காலமும் உங்கள் பின்னால் நடந்தவள் நான். முன்னால் யாருமில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

“அக்கா போயிட்டா அவங்க சொன்னதும் போயிருமுங்களா தம்பி? காலையில அடுப்பு உங்க பங்கு. நான் எந்திரிக்க மாட்டேனுங்க.”

சொல்லவேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டேன். மாமாதான் முதலில் பேசினார்.

“இந்தப் புள்ள சொல்றது செரிதான். அவ இருந்தப்ப ஒரு நாளும் நான் மனசாரச் செஞ்சதில்ல. நாளைக்கு ரவைய நான் வறுக்கறேன். தம்பி, நீ வெங்காயம் உரி.”

நேற்றுக் காலை முதல் சட்டி ரவை கருகியது. கொட்டிவிட்டு மறுபடியும் வறுத்தார். நீங்கள் முன்னின்று நடத்திவைத்த கல்யாணத்தில் வந்தாளே என் மருமகள், அவளுக்கு இந்த வீட்டில் இதுதான் முதல் மே. என் பக்கத்தில் இருப்புக் கொள்ளாமல் நெளிந்தாள்.

“நான் போய் ஒரு கை குடுக்கட்டுங்களா அத்தை? பெரியவங்க எல்லாம் நிக்கறாங்க. தப்பா நெனைக்க மாட்டாங்களா?”

“நெனைப்பாங்க கண்ணு. ரெண்டு மூணு வருசம் நெனைப்பாங்க. அப்பறம் பழகிக்குவாங்க. நீ உக்காரு.”

உட்கார்ந்தாள். மாமா தட்டுகளைக் கொண்டுவந்து எங்கள் முன்னால் வைத்தார். உப்பு தூக்கலாக இருந்தது. தட்டைக் காலி செய்தோம்.

அக்கா, நீங்கள் எனக்கென்று நகையோ சேலையோ விட்டுப்போகவில்லை. ஆனால் நாலு பேர் முறைத்துப் பார்க்கும்போதும் எழுந்து ஓடாமல் உட்கார்ந்திருக்க இப்போது எனக்குத் தெரிகிறது. அடுத்த மே மாதமும் வருவோம். அப்போதும் எழுந்திருக்க மாட்டேன்.