வீட்டை விட்டுக் கிளம்பாதே, நதீன்

கிளீவ்லாந்து
அக்டோபர் 2010

அன்பு மகள் நதீனுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் அப்பாவும் இங்கே நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் ஆல்வினும் பிள்ளைகள் இரண்டும் அந்த லாஸ் வேகஸ் வெயிலில் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் முழங்காலில் நின்று கேட்கிறேன். சின்னவனுக்கு இருமல் விட்டதா? நாங்கள் இன்னும் உன் அத்தை ஜெனீவா வீட்டு மாடியில்தான் இருக்கிறோம். நான் குளிக்கப் போனால் போதும், "அண்ணி, மத்தவங்களுக்கும் கொஞ்சம் சுடுதண்ணி விட்டு வைங்க" என்று கீழேயிருந்து குரல் வந்துவிடும். நல்லவள்தான், வாய்தான் சும்மா இருக்காது. ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் பிடிக்குமே என்று பன்றிக்கறி போட்டுக் கீரை வேகவைத்தேன், சோள ரொட்டியும் சுட்டேன். இரண்டு வாய்க்கு மேல் அவருக்கு இறங்கவில்லை. அன்றைக்குத்தான் நீ போன் செய்தாய்.

"பேங்க் நோட்டீஸ் வந்துடுச்சு டாடி, தெருவே நின்னு வேடிக்கை பாக்கறதுக்கு முன்னாடி நாங்களே மாசக் கடைசில கிளம்பிடறோம்" என்று நீ சொன்னதும் அவர் போனை வைத்துவிட்டாரே, கோபம் என்று நினைத்துவிடாதே. "வெர்லீன், அவ அப்படியே என்னை மாதிரி பண்றாடி" என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்துவிட்டார். நீயே எழுது, எனக்கு வாய் வராது என்றார். போனில் சொன்னால் நீ குறுக்கே குறுக்கே பேசுவாய், எனக்கும் பாதி மறந்துபோகும். அதனால் உட்கார்ந்து முழுவதும் படி, ஆல்வினையும் படிக்கச் சொல். பெட்டி கட்ட ஆரம்பித்திருந்தால் அதை அப்படியே நிறுத்திவிட்டுப் படி.

நாங்கள் வீட்டை விட்டு வந்தது உனக்குத் தெரியும், எப்படி வந்தோம் என்று தெரியாது. எஃகு ஆலையில் அப்பாவுக்கு வேலை நேரத்தைக் குறைத்தார்கள், அதே சமயத்தில் வீட்டுக்கடன் வட்டியும் ஏறியது, தவணை நின்றது, நோட்டீஸ் வந்தது. நோட்டீஸ் வந்தால் வீடு போயிற்று என்றுதானே நாங்களும் நினைத்தோம். சர்ச்சின் கீழ்த்தளத்தில் வியாழக்கிழமைதோறும் வீட்டுக்கடன் ஆலோசனை சொல்கிறார்கள், காசு வாங்குவதில்லை என்று நான் படித்துப் படித்துச் சொன்னேன். "காசு வாங்காம எவன் உதவி பண்றான்? அதுல எங்கயாவது ஒரு கொக்கி இருக்கும்" என்றார் உன் அப்பா. கொக்கியெல்லாம் சும்மா, பாடகர் குழுவில் தன் பக்கத்தில் நின்று பாடுகிறவர்களுக்கு விஷயம் தெரிந்துவிடுமே என்ற வெட்கம். கோர்ட்டு உத்தரவோடு ஷெரீப் வந்து சாமானைத் தெருவில் போடும்வரை இருக்கமாட்டேன் என்று ஒரே பிடி. கிளம்புகிற அன்று நான் அடுப்பின் உள்பக்கம்கூடத் தேய்த்துக் கழுவினேன் நதீன், பேங்க்காரன் வந்து பார்த்துவிட்டு, கறுப்பர்கள் வீட்டை எப்படிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் பார் என்று சொல்லிவிடக் கூடாதே என்றுதான். அப்பா ஒரு சாவியைத் தபாலில் பேங்குக்கு அனுப்பினார், இன்னொன்றைத் தன் வளையத்திலேயே வைத்துக்கொண்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

இந்தக் கோடையில் நகரசபையிலிருந்து ஒரு பில் வந்தது. ஆள் உயரத்துக்கு வளர்ந்த புல்லை வெட்டியதற்காம், அப்பா பேருக்கு. "என் வீடே இல்ல, அந்தப் புல்லுக்கு நான் எதுக்குடி குடுக்கணும்?" என்று குதித்தார். நான் அவரிடம் சொல்லாமல் அதை எடுத்துக்கொண்டு சர்ச்சுக்குப் போனேன். அங்கே மிஸ் கார்வர் என்று ஒரு பெண், உன் வயதுதான் இருக்கும், எங்கெங்கோ போன் பண்ணிக் கேட்டாள். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "அம்மா, அந்த வீடு இன்னும் உங்க பேர்லதான் இருக்கு. அந்தத் தெருவுல வீடு விலை விழுந்ததும் பேங்க் ஏலமே வேணாம்னு விட்டுட்டாங்க. உங்களை யாருமே வெளிய போகச் சொல்லலயே, நீங்க ஏன்மா போனீங்க?" என்று கேட்டாள். எதிர்வீட்டு ஹாஸ்கின்ஸ் குடும்பத்துக்கும் நமக்கு வந்த அதே மாதத்தில்தான் நோட்டீஸ் வந்தது. அவர்கள் அவளிடம் போனார்கள், அவள் பேங்கோடு மல்லுக்கட்டித் தவணையைக் குறைக்க வைத்தாள், அவர்கள் இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார்கள். அவளுக்கு அவர்கள் ஒரு காசு கொடுக்கவில்லை.

அன்றைக்கே அப்பாவிடம் விஷயத்தைச் சொல்லி, இரண்டு பேரும் வீட்டைப் போய்ப் பார்த்தோம். பாவிகள் செம்புக்குழாய் ஒன்றுவிடாமல் பிடுங்கிக்கொண்டு போயிருந்தார்கள், குளிர்காலம் முழுக்கத் தண்ணீர் ஓடி அடித்தளம் நிரம்பி, தரை அழுகிக் கிடந்தது. நான் தேய்த்து வைத்த அடுப்பையும் காணோம். மிஸ் கார்வர் பாவம், எங்களோடு நகரசபை விசாரணைக்குக்கூட வந்தாள், ஆனால் இடிக்கிற பட்டியலில் ஏற்கெனவே சேர்த்துவிட்டார்கள். போன செவ்வாய்க்கிழமை இயந்திரம் வந்தது. போகவேண்டாம் என்று நான் கெஞ்சியும் அப்பா கேட்கவில்லை. ஒரு சுவரைத் தட்டியதும் மேலே உன் அறை தெரிந்தது, நீ அடம்பிடித்து அடிக்கச் சொன்ன அந்த மஞ்சள் பெயின்ட் அப்படியே இருந்தது. அப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்குத் தாங்கவில்லை, காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். இயந்திரம் இடிக்க ஆரம்பிப்பதற்கு முன்னால் அவர் உள்ளே போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, வெளியே வந்து வளையத்தில் இருந்த அந்தச் சாவியால் கதவைப் பூட்டினார். இடிக்கப்போகிற வீட்டை யாராவது பூட்டுவார்களா? ஆப்பரேட்டர்கூடச் சிரிக்கவில்லை.

அதனால் சொல்கிறேன், மகளே, கேள். மிஸ் கார்வரிடம் உன் கதையைச் சொன்னேன். "நோட்டீஸ் வந்தா வீடு போச்சுன்னு அர்த்தமில்ல, ஏலம் முடியற வரைக்கும் அது அவங்க வீடுதான், நகரவேண்டாம்னு சொல்லுங்க" என்றாள். ஆனால் உங்கள் ஊரில் எல்லாம் வேகமாக நடக்குமாம், அதனால் நாளைக்கு என்று தள்ளிப்போடாதே. உங்கள் ஊரில் இதே வேலையை இலவசமாகச் செய்கிறவர்களின் நம்பரைத் தனிச் சீட்டில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன், இந்த வாரமே போ, ஆல்வினையும் கூட்டிக்கொண்டு போ. முன்பணம் கொடு, வீட்டைக் காப்பாற்றித் தருகிறேன் என்று எவனாவது கதவைத் தட்டினால் மூஞ்சியில் அறைந்தாற்போல் சாத்து. தெருவில் பார்ப்பார்கள்தான், பேசுவார்கள்தான், பேசட்டும். அப்பாவின் வெட்கத்தை நீ சொத்தாக எடுத்துக்கொள்ளாதே.

கர்த்தர் உங்கள் வாசலைக் காக்கட்டும், பிள்ளைகள் அதே வீட்டில் வளர்ந்து பெரியவர்களாகட்டும். பேரன்களுக்கு முத்தம். போய்வந்ததும் மறக்காமல் போன் செய், அப்பா போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.

உன் அம்மா,
வெர்லீன்

நதீன், அப்பா எழுதுகிறேன். அம்மா எல்லாம் எழுதிவிட்டாள். ராத்திரி முன்வாசல் விளக்கைப் போட்டு வை. உள்ளே ஆள் இருக்கிறார்கள் என்று தெரியவேண்டும்.