எது மாதிரி என்று சொல்லு

தண்ணீர்மலை முருகன் துணை

ஜெலுத்தோங், பினாங்கு.

அன்பு மகள் துளசிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் ஒருவருக்கொருவர் துணையாக இருக்கிறோம். டப்ளினில் நீயும் மாப்பிள்ளை தயாளனும் பாப்பாவும் சுகமாக இருக்க வேண்டும் என்று முருகனிடம் கேட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். தினமும் போனில் பேசுகிறோமே, இதென்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் ஒன்று கேட்பேன், நீ "ஓகேம்மா, ஃபைன்ம்மா" என்பாய், பாப்பா அழும், வைத்துவிடுவாய். அதற்குப் பிறகு எனக்கு எந்த வேலையும் ஓடாது. அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கதவைத் திறப்பேன், எதற்குத் திறந்தேன் என்று தெரியாமல் மூடுவேன், அதற்குள் பால் பொங்கிவிடும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கீழ்வீட்டு ஜபருல்லாவின் மகள் அஃப்ரீன் இதைப் படம் எடுத்து உனக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள்.

முதலில் அப்பாவைப் பற்றி. சர்க்கரையால் இரண்டு கண்ணிலும் இரத்தம் கசிந்தது உனக்குத் தெரியும். வலது கண்ணில் இனி பார்வை வராது என்று சொல்லிவிட்டார்கள், இடது கண்ணில் ஆபரேஷன் செய்து, தெளிய நாளாகும், பொறுத்திருங்கள் என்று அனுப்பினார்கள். அப்போது நீ நிறைமாதம், அதனால் இங்கே நாள் எப்படிப் போனது என்று நான் உன்னிடம் சொல்லவில்லை. வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டிய மனிதர் ஓர் இடத்தில் உட்காருவாரா? ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டுக்கொண்டு, வெளியே என்ன, வெளியே என்ன என்று கேட்டுக்கொண்டே இருப்பார். கடலில் கப்பல் போகுதுங்க என்பேன். எப்படிப் போகுது என்பார். போகுதுங்க என்பேன், வேறு என்ன சொல்வது? உடனே கோபம் வந்துவிடும். பாப்பா பிறந்து நீ படம் அனுப்பிய அன்றும் அப்படித்தான். நான் அழுதுகொண்டே ரொம்ப அழகா இருக்குங்க என்றேன். "எல்லாப் பாப்பாவும் அழகுதான் லா. எனக்கு ஒண்ணும் தெரியலையே பிரமிளா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

மறுநாள் ஜபருல்லா அவரைக் கோப்பிக் கடைக்குக் கூட்டிப்போக வந்தார். வானம் இருட்டி அப்படியே நின்றது. மழை வருமா என்று அப்பா கேட்டதற்கு அவர், "கோவிச்சிக்கிட்டு வந்த மருமகப்பிள்ளை மாதிரி நிக்குது அண்ணே, உள்ளயும் வராது, திரும்பியும் போகாது" என்றார். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார், துளசி. ஆபரேஷனுக்குப் பிறகு அவர் சிரித்து நான் கேட்டதே இல்லை. எனக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், பொறாமை ஒரு பக்கம். அதே வானத்தைத்தானே நானும் பார்த்தேன்! நாமும் சொல்லிப் பார்ப்போம் என்று அடுத்த நாள் காலையில் சூரியன் தங்கத் தட்டு மாதிரி இருக்குங்க என்றேன். அது காலண்டர்ல உள்ளது, நீ பார்த்ததைச் சொல்லு என்றார். மனுஷருக்குக் கண் தெரியாவிட்டாலும் வாய் குறையவில்லை.

அவர் சொன்னது எனக்கு உறைத்தது. போனை எடுத்துப் பாப்பாவின் படத்தை வெகுநேரம் பார்த்தேன். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். தலைமுடி மழையில் நனைந்த மைனா மாதிரி அங்கங்கே ஒட்டியும் நிமிர்ந்தும் இருக்கிறது. தூங்கும்போது உதடு, யாரிடமோ நியாயம் கேட்கப் போவது மாதிரி முன்னால் வந்திருக்கிறது. இடது காது மட்டும் எண்ணெயில் போட்டதும் சுருளுகிற அப்பளம் மாதிரி மேலே மடங்கியிருக்கிறது. அப்பாவின் கை மெல்லத் தன் காதுக்குப் போனது. "இந்த மாதிரியா?" என்றார். அப்போதுதான் பார்த்தேன். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும், அவர் காது மடங்கியிருப்பது என் கண்ணில் பட்டதே இல்லை. "என் காதுடி அது" என்று சொல்லி அப்பா அழுதார். காதைப் பிடித்தபடியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

அன்றிலிருந்து யார் என்ன சொன்னாலும் எது மாதிரி, எது மாதிரி என்று என் காது தேடுகிறது. அதனால்தான் போன வாரம் நீ போனில் அனுப்பிய செய்தி என்னைத் தூங்கவிடவில்லை. "தண்ணிக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கும்மா, யாருக்கும் கேட்கல" என்று எழுதியிருந்தாய். நான் படித்துப் பதில் போடுவதற்குள் அழித்துவிட்டாய். கூப்பிட்டுக் கேட்டால், வேறு யாருக்கோ அனுப்ப வேண்டியது என்றாய். வேறு யாரை நீ அம்மா என்று கூப்பிடுகிறாய்? நீ நூறு தடவை ஃபைன் என்றபோது எனக்குத் தெரியாத உன் வீடு, அந்த ஒரு வரியில் தெரிந்துவிட்டது. மாப்பிள்ளை வேலைக்குப் போன பிறகு சாத்திய கதவும், அழுகிற பிள்ளையும், நடுவில் நீ வாயைத் திறந்துகொண்டு நிற்பதும் தெரிந்தது. அப்பாவிடம் சொன்னேன். நல்லா இருக்கிறவ இப்படி எழுத மாட்டா என்றார். நீ அவகிட்டக் கிளம்பு என்றார்.

உங்களை யார் பார்ப்பது என்று சண்டை போட்டேன். இடது கண்ணில் இப்போது வெளிச்சமும் ஜன்னல் சட்டமும் தெரிகிறதாம், ஆள் முகம் இன்னும் தெரியவில்லை. இதற்கு மேல் எவ்வளவு பார்வை வரும் என்று டாக்டரும் சொல்லவில்லை. ஆனால் அவர் என்னைக் கேட்காமலே செபராங் ஜெயாவுக்குப் போன் போட்டுத் தன் தங்கச்சியை வரச் சொல்லிவிட்டார். உன் நல்லம்மாள் அத்தை பெட்டியோடு வந்தும்விட்டாள். "நீ போய் அவ பக்கத்துல இரு. பாப்பாவைத் தூக்கினா எப்படி இருக்குன்னு எனக்குச் சொல்லணும். அழகா இருக்குன்னு சொன்னே, போனை வெச்சிடுவேன்" என்கிறார். டிக்கெட் போட்டாயிற்று, வரும் சனிக்கிழமை புறப்படுகிறேன். வேண்டாம்மா, எதற்கும்மா என்று எழுதாதே, நான் படிக்க மாட்டேன்.

நான் வரும்வரை காத்திருக்காமல் நாளைக்கே உன் டாக்டரைப் போய்ப் பார். பிள்ளை பெற்ற உடம்புக்கும் மனசுக்கும் இப்படி வருவதுண்டு, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அங்கேயும் ஃபைன் என்று சொல்லிவிட்டு வந்துவிடாதே. எனக்கு எழுதியதை அப்படியே சொல். மாப்பிள்ளையிடமும் சொல், பாவம், நீ சொல்லாமல் அவருக்கு எப்படித் தெரியும்? சூடாக எதையாவது சாப்பிடு. பாப்பா தூங்கும்போது நீயும் படுத்துக்கொள், பாத்திரம் கிடக்கட்டும், நான் வந்து கழுவுகிறேன்.

முருகன் அருளால் நீங்கள் மூவரும் நன்றாக இருப்பீர்கள். அப்பாவும் ஆசி சொல்லச் சொன்னார். மறந்துவிடாதே, இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று இரண்டு வரி எழுது. அழித்தாலும் பரவாயில்லை, நான் போனைக் கையிலேயே வைத்திருக்கிறேன்.

உன் அம்மா,
பிரமிளா மோகனராஜ்