காற்றில் நிற்காத பந்து

அண்ணா,

நேற்று கால்பந்து லீக் முடிந்தது. கடைசி நிமிடத்தில் நமக்குப் பெனால்டி. கோல் விழுந்தால் இந்த வருடம் பரோ தீவுகளின் சாம்பியன் நாம்தான். வழக்கமான பேய்க்காற்று, பந்து புள்ளியில் நிற்கவில்லை. நம் ஊர் விதி அனுமதிக்கிறபடி படுத்துக்கொண்டு விரலால் அதைப் பிடிப்பது எப்போதும் உன் வேலை என்பதால் நம் பையன்கள் ஒருவரும் அருகில் வரவில்லை.

எதிரணியிலிருந்து ஹன்னுஸ் வந்தான். உன் படகில் போனவர்களில் திரும்பி வந்த ஒரே ஆள். மார்ச்சில் அந்தப் படகு மூழ்கியதிலிருந்து நான் அவன் முகத்திலேயே விழிக்கவில்லை.

"நான் பிடிக்கிறேன், நீ அடிடா," என்று படுத்தான். நடுவர் தடுக்கவில்லை.

பந்தில் விரலை வைத்தபடியே சொன்னான்: "உங்கண்ணனையும் பிடிச்சுட்டுத்தான்டா இருந்தேன். கை வழுக்கிருச்சு."

நான் அடித்த பந்து கடலுக்கே போய்விட்டது. ஊரே திட்டுகிறது, திட்டட்டும்.

ஹன்னுஸ் எழுந்திருக்கக் கைகொடுத்தேன். பிறகு விடவே மனசு வரவில்லை. உன்னைக் கடைசியாகத் தொட்ட கை அது.

உன் தம்பி