ஒருசந்தி இருக்கும் மீன்கள்

சேசு மரி சூசை துணை
ஆவூர், 20-3-63

அன்பு மகள் அருள்ராணிக்கு, உன்னை வளர்த்து மதராசுக்குப் படிக்க அனுப்பிவிட்டு, அதன் பலனாக உன் மீன்களுக்கு வேலைக்காரனாகிப்போன சித்தப்பா எழுதுவது. இவ்விடம் நான், உன் சித்தி ஞானமணி, சிவப்புப் பசு, கூடத்தில் இருக்கும் சமுத்திரம் ஆகிய நால்வரும் சேமம். அவ்விடம் நீயும் உன் விடுதிச் சாம்பாரும் சண்டை சச்சரவில்லாமல் இருக்க ஆண்டவரை வேண்டுகிறோம்.

உன் உப்புத்தண்ணீர்த் தொட்டி பச்சை பிடித்ததைப் போன கடிதத்தில் எழுதியிருந்தேன் அல்லவா, பசு ஜன்னல் வழியாகப் பார்த்து எச்சில் விடுகிற அளவுக்குப் பாசி, உன் வரிமீன் இரண்டும் மேலே வந்து மூச்சுக்கு வாயைப் பிளந்தன. தின்னாத இரை அழுகினால் தண்ணீரில் பாஸ்பேட் ஏறும், பாசிக்கு அதுதான் சோறு, இரையைக் குறை, வாரம் கால்பங்குத் தண்ணீரை மாற்று என்று பதில் போட்டாய். காசு போட்டு மூட்டை மூட்டையாக வயலுக்கு வாங்கும் பாஸ்பேட்டைக் கூடத்திலேயே விளைவித்த மகா விவசாயி ஜில்லாவில் நான் ஒருவன்தான். உடனே கட்டுமாவடி போய்க் கடலைக் குடத்தில் பிடித்து பஸ்ஸில் ஏற்றினேன். குடத்துக்கும் டிக்கெட் எடுங்க என்றார் கண்டக்டர், வங்காள விரிகுடாவுக்கு அரை டிக்கெட் போதுமாங்க என்று கேட்டேன், சிரித்துவிட்டு ஓசியிலேயே விட்டார்.

தண்ணீரை மாற்றி என்ன செய்ய, இரை போடுவது நானா? பக்கத்து வீட்டு ஆவுடையப்பன், மகள் பிரசவம் நல்லபடி முடிந்தால் மீனுக்குப் பொரி போடுவதாக நேர்ந்துகொண்டவர், குடுமியான்மலைக் குளத்துக்குப் போற நடை மிச்சம் மாப்ளே என்று நம் தொட்டியில் கொட்டினார். அதைப் பார்த்து ஊரே பொரியோடு வந்தது. போடாதே என்றால் புண்ணியத்தைத் தடுத்த பாவம் நம் தலையில். கடைசியில் விபூதிப் புதனன்று நெற்றிச் சாம்பலோடு வாசலில் நின்று, மீன்கள் இரண்டும் நம்ம கோயில் மீன்கள், சேசு உயிர்த்த பாஸ்குத் திருநாள் வரைக்கும் ஒருசந்தி, ஒரு வேளைதான் சாப்பாடு என்று அறிவித்தேன். அடடா, வாயில்லாச் சீவனுக்கு இம்புட்டு பக்தியா, வெரதத்தைக் கெடுக்கப்படாது என்று ஆவுடையப்பன் கன்னத்தில் போட்டுக்கொண்டு பொரியை மடியில் கட்டிவிட்டார். இப்போது மதியம் சித்தி நறுக்கிப் போடும் துளி இறாலோடு சரி. தண்ணீர் தெளிந்த தெளிவில், மீன் அந்தரத்தில் தொங்குகிறதென்று புதிதாக வருகிறவர்கள் பயப்படுகிறார்கள்.

ஆனால் வினை எனக்கு வந்தது. மீனே ஒருசந்தி இருக்கையில மீசை வச்ச மனுசன் மூணு வேளை திங்கிறது நல்லாவா இருக்கு என்று சித்தி என் தட்டையும் கவிழ்த்துவிட்டாள். இடுப்பைத் தேடித்தான் வேட்டி கட்டுகிறேன்.

அதைவிடப் பெரிய ஆபத்து, பாஸ்கு அன்று மீன்களின் ஒருசந்தி முறிக்க ஊரே வருகிறதாம். ஆவுடையப்பன் அரை மூட்டை பொரி வாங்கிவிட்டார், உண்ணாமலை அக்கா அதிரசத்துக்கு மாவு இடிக்கிறாள். அது அத்தனையும் விழுந்தால் உன் மீன்கள் அன்றே பரலோகம் போய்விடும், என்னிடமோ வேறு விரதம் கைவசம் இல்லை. ஆகவே முதல் நாளே வந்து சேர். ஞானஸ்நானத்தில் சாமியார் கேட்கும் கேள்விக்குக் குழந்தைக்குப் பதிலாக ஞானத்தகப்பன் வாய் திறப்பதுபோல, மீனுக்குப் பதிலாகவும் ஞானத்தகப்பன்தான் வாய் திறக்கணும், அதுதான் வழக்கம் என்று நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும். படித்த பிள்ளை சொன்னால் நம்புவார்கள். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன், பொரி, அதிரசம் எதுவும் தண்ணீரைத் தொடாது.

மாதா உன்னைக் காப்பாளாக. பஸ்ஸைத் தவறவிடாதே.

உன் சித்தப்பாவும், மீன்களின் பசியோடிருக்கும் ஞானத்தகப்பனுமான
சந்தனசாமி