திரையில் விழுந்த ஐந்து எழுத்துகள்

மாட்டுங்கா லேபர் கேம்ப்
வியாழன் இரவு

அன்புள்ள அம்மாவுக்கு,

முத்துலேகா எழுதுகிறேன். கடிதத்தை 'நான் நலம்' என்று தொடங்கும்படி பள்ளியில் சொல்லித்தந்திருக்கிறார்கள். இன்று அந்த வார்த்தையை எழுதலாமா என்று தெரியவில்லை, விட்டுவிடுகிறேன். பெரியம்மா, பெரியப்பா, பொன்செல்வி அக்கா மூவரும் நலம். கீழே தூங்குகிறார்கள். நான் மேல் பலகையில் குப்புறப் படுத்து, தெருவிளக்கு வெளிச்சம் விழும் இடத்தில் நோட்டை வைத்து எழுதுகிறேன். பலகை கிறீச்சிடும். அதனால் கையை மட்டும் அசைக்கிறேன்.

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். நீ மஸ்கட்டிலிருந்து கூப்பிடும்போதெல்லாம் பெரியம்மா ஸ்பீக்கரில்தான் போடுகிறாள். நீ இருமினால்கூடப் பக்கத்து வீட்டிலிருந்து ஆறுமுகத்தாய் அத்தை, "விசயாவுக்குச் சளி புடிச்சிருக்கோ?" என்று கேட்கிறாள். நான் சொல்ல வேண்டியது ஸ்பீக்கரில் சொல்லக்கூடியது இல்லை. அத்தை வீட்டு பிரம்மநாயகம் மாமா லீவு முடிந்து ஞாயிறு மதியம் மஸ்கட்டுக்குத் திரும்புகிறார். உனக்கு ஊறுகாயும் இட்லிப் பொடியும் அவரிடம் கொடுத்துவிடுகிறோம். ஊறுகாய் பாட்டிலைச் சுற்றும் துணிக்குள் இந்தக் கடிதம் இருக்கும்.

முதலில் நல்ல செய்தி. நீ சந்தோஷப்பட்ட பிறகு மற்றதைச் சொல்கிறேன்.

பொன்செல்வி அக்காவின் சடங்கு போட்டோக்களைப் பார்த்திருப்பாய். மேடைக்குப் பின்னால் பெரிய எல்.இ.டி. திரை வைத்திருந்தார்கள். அக்காவின் பெயர் சுழன்று சுழன்று வந்து பூவாக உதிர்ந்தது. எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள், நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரை வைத்த ஆளிடம் போய் இது எப்படி அண்ணா என்று கேட்டதற்கு, "அதெல்லாம் ரெடிமேடும்மா, பேரை டைப் பண்ணா போதும்" என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. எழுத்துக்கு எங்கே நிற்க வேண்டும், எப்போது ஓட வேண்டும் என்று யாரோ ஒருவர் சொல்லியிருக்க வேண்டும் அல்லவா?

இப்போது அதைச் சொல்வது நான்தான், அம்மா. இந்த வருடம் கம்ப்யூட்டர் வகுப்பில் ஒரு புது புரோகிராம் வந்திருக்கிறது. அதில் வரி வரியாக எதையும் எழுத வேண்டாம். நிறம் நிறமாக பிளாக்குகள் இருக்கும். நகரு, திரும்பு, காத்திரு, மறைந்துகொள், வெளியே வா என்று ஒவ்வொன்றும் ஒரு கட்டளை. ஒன்றை இழுத்து இன்னொன்றின் கீழே வைத்தால் ஒட்டிக்கொள்ளும். பச்சைக் கொடியை அழுத்தினால் மேலிருந்து வரிசையாக நடக்கும்.

நம் பக்கத்துத் தமிழ்ப் பள்ளிகள் எல்லாம் சேர்ந்து சனிக்கிழமை மாட்டுங்காவில் ஒரு ஹாலில் கண்காட்சி நடத்துகின்றன. மேடைத் திரையில் முதலில் வரவேண்டிய 'நல்வரவு' எங்கள் பள்ளியின் பொறுப்பு. எங்கள் பள்ளியில் என் பொறுப்பு. துணைக்கு ரஷீதா இருக்கிறாள்.

ஐந்து எழுத்தையும் ஐந்து தனிப் படங்களாக வரைந்தேன். முதல் நாள் ஐந்தும் ஒரே நேரத்தில் தொப்பென்று விழுந்தன. ரஷீதா, "என்னடி இது, மூட்டையிலேருந்து வெங்காயம் கொட்டுன மாதிரி" என்று சிரித்தாள். பிறகு ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு 'காத்திரு' கொடுத்தேன். முதல் எழுத்து காத்திருக்காது, இரண்டாவது கொஞ்சம், மூன்றாவது இன்னும் கொஞ்சம். அவ்வளவுதான், ஏணியில் இறங்கும் பிள்ளைகளைப் போல ஒவ்வொன்றாக வந்தன. தரையைத் தொட்டதும் இருபது மேலே போ, இருபது கீழே வா, பத்து மேலே போ, பத்து கீழே வா என்று சேர்த்தேன். இப்போது பார்க்கிறவர்களுக்கு எழுத்து விழுந்தது என்று தோன்றாது, அதுவே ஆசைப்பட்டுக் குதித்தது என்று தோன்றும். கடைசியாக நிறம். நிறத்தைக் கொஞ்சம் மாற்று, மறுபடி மாற்று, நிறுத்தாதே என்று ஒரு பிளாக் உண்டு. ஒவ்வோர் எழுத்தையும் வேறு நிறத்தில் தொடங்கிவைத்தேன். ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நிறம் தண்ணீரைப் போல ஓடியது. நான் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன். எடுத்த பிறகும் ஓடிக்கொண்டே இருந்தது. நான் சொன்னதைக் கேட்டு ஒன்று நடக்கிறது என்பது எனக்கு அதுதான் முதல் தடவை.

யாருக்கும் தெரியாத ஒன்று. ஒரே படத்துக்கு இரண்டு உடைகள் வைக்கலாம். உள்ளே இருப்பது அதே படம்தான், உடையை மாற்றினால் வேறு எழுத்தாகத் தெரியும். நல்வரவு ஐந்து எழுத்து. விஜயராணியும் ஐந்து எழுத்து. நான் உன் பெயரை இரண்டாவது உடையாக வரைந்து வைத்திருக்கிறேன். ரஷீதா தண்ணீர் குடிக்கப் போகும்போது மாற்றிப் பார்ப்பேன். நீ மேலிருந்து இறங்கி வருவாய்.

இனி மற்றது.

நேற்று, புதன்கிழமை, கம்ப்யூட்டர் அறையில் இருந்தபோது நான் பெரியவள் ஆகிவிட்டேன், அம்மா. நிறம் ஓடியதும் அன்றுதான். எழுந்தபோது தெரிந்தது. மணி பார்த்தேன். திரையின் மூலையில் இரண்டு நாற்பத்தேழு என்று இருந்தது.

ரஷீதாதான் கழிவறைக்குக் கூட்டிப்போனாள். டீச்சரின் அலமாரியிலிருந்து வேண்டியதை எடுத்து வந்தாள். நான் அழுததைப் பார்த்து, "அரே, எதுக்குடி ரோதே? எங்க வீட்டுல அம்மி ஒரு பேரீச்சம்பழம் வாயில வச்சாங்க, மறுநாள் ஸ்கூலுக்கு அனுப்பிட்டாங்க" என்றாள். அவளுக்கு எங்கள் வீட்டு வழக்கம் தெரியாது. பொன்செல்வி அக்காவைப் பதினாறு நாள் வெளியே விடவில்லை. பத்துக்குப் பத்து வீட்டில் தனியே உட்காரவைக்கும் குச்சிலை எங்கே கட்டுவது? தாணேயிலிருந்து பேச்சிராஜா மாமா வந்து, மூலையில் பழைய சேலையைக் கட்டினார். தனித் தட்டு, தனிப் பாய். அக்காவின் அரையாண்டுப் பரீட்சை அதற்குள் முடிந்தே போய்விட்டது.

நான் இன்று வாயைத் திறந்தால் சனிக்கிழமை சேலைக்குப் பின்னால் இருப்பேன். என் எழுத்துகளை வேறு யாராவது ஓட்டுவார்கள். அதனால் சொல்லவில்லை.

இரண்டு நாளாக எனக்குப் பயம் விடவில்லை. சாயந்தரம் விளக்கேற்றுவது என் வேலை. தலை வலிக்கிறது என்று அக்காவை ஏற்றச் சொன்னேன். யூனிபார்மை நானே துவைத்தேன். பெரியம்மா, "என்னட்டி, புதுசா துணியெல்லாம் நீயே தொவைக்க?" என்று கேட்டாள். சிரித்துவைத்தேன். ஆனால் இன்று ஒன்றிலிருந்து தப்ப முடியவில்லை. உனக்கு அனுப்பும் எலுமிச்சை ஊறுகாயைப் பாட்டிலில் அடைக்கும்போது பெரியம்மா என்னைக் கூப்பிட்டாள். பாட்டிலின் வாய்க்குள் நுழைவது என் கை ஒன்றுதான். மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பாள். அழுத்தி அடைத்துக் கொடுத்தேன். இந்த நேரத்தில் தொட்டால் ஊறுகாய் கெட்டுப்போகும் என்று சொல்வார்களே. அது உனக்கு வருகிற ஊறுகாய்.

ஞாயிற்றுக்கிழமை காலை, அன்றுதான் ஆனதைப்போலச் சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன். ஆனால் பேச்சிராஜா மாமா அந்த நேரத்தை ஜோசியரிடம் கொண்டுபோய் ஜாதகம் எழுதுவாரே. ரஷீதாவிடம் சொன்னேன். "ஞாயித்துக்கிழமை வேற எவளோ ஒருத்தி பெரியவ ஆயிருப்பா. அவ ஜாதகம் உனக்கு, உன் ஜாதகம் அவளுக்கு" என்றாள். சிரிப்பு வந்தது. படுத்த பிறகு சிரிப்பு வரவில்லை. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். ஓர் இடத்திலாவது உண்மையான நேரம் இருக்கட்டும். புதன்கிழமை, மதியம் இரண்டு நாற்பத்தேழு.

கை வலிக்கிறது. கீழே யாரோ புரளுகிறார்கள்.

சனி இரவு

அம்மா, முடிந்துவிட்டது. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

ஹால் நிறைய ஆட்கள். முன் வரிசையில் விருந்தினர்கள், மூன்றாவது வரிசையில் பெரியம்மாவும் அக்காவும். பெரியப்பா கடையை விட்டு வரமுடியவில்லை. திரை நம் வீட்டுச் சுவரைவிடப் பெரியது. விளக்கை அணைத்தார்கள். வேறு பள்ளியைச் சேர்ந்த ஆசிரியர் ஒருவர் மைக்கோடு நின்றார். நான் பச்சைக் கொடியை அழுத்தினேன்.

முதல் எழுத்து விழுந்து குதித்தது. அது 'ந' இல்லை, 'வி'.

நேற்று மாலை கடைசியாக உன் பெயரை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். உடையை மாற்றாமல் அப்படியே சேமித்துவிட்டேன். தொடங்கும்போது முதல் உடையைப் போட்டுக்கொள் என்று ஒரு பிளாக் வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. கம்ப்யூட்டர் எதையும் தானாகப் பழைய இடத்துக்குக் கொண்டுபோகாது. விட்ட இடத்திலிருந்துதான் தொடங்கும். நிறுத்தவும் கை வரவில்லை. ஜ விழுந்தது, ய விழுந்தது, ரா, ணி. ஐந்தும் குதித்து நின்றன. பிறகு நிறம் ஓடத் தொடங்கியது. அந்தப் பெரிய இருட்டில் உன் பெயர் மட்டும் இருந்தது, அம்மா. பக்கத்தில் நின்றவர்களின் முகத்தில் எல்லாம் உன் நிறம் விழுந்தது. நான் செய்தது என்பதையே மறந்து நானும் வாய் பார்த்து நின்றேன்.

மைக் வைத்திருந்த ஆசிரியர் கையிலிருந்த தாளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். சிறப்பு விருந்தினர் யாரோ என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ, கணீரென்று, "திருமதி விஜயராணி அவர்களை வருக வருக என வரவேற்கிறோம்" என்று சொல்லிவிட்டார். ஹால் முழுக்கக் கை தட்டியது. முன் வரிசையில் இருந்தவர்கள், யார் வருகிறார்கள் என்று வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். நானும் திரும்பிப் பார்த்தேன்.

மூன்றாவது வரிசையில் பெரியம்மா எழுந்தே நின்றுவிட்டாள். "ஏட்டி, நம்ம விசயா பேரு. என் தங்கச்சி பேரு அது" என்று பக்கத்தில் இருந்த யாரிடமோ சொன்னது மேடைவரை கேட்டது. அக்கா அவள் சேலையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

ரஷீதா என் விலாவில் இடித்து, "கபடா மாத்துடி" என்றாள். ஐந்துக்கும் உடையை மாற்றி மறுபடி ஓட்டினேன். நல்வரவு சரியாக வந்தது. அதற்கும் கை தட்டினார்கள், உனக்குத் தட்டிய அளவுக்கு இல்லை. டீச்சர் கடைசியில் என்னைக் கூப்பிட்டு, விஜயராணி யார் என்று கேட்டார். அம்மா என்றேன். எங்கே இருக்கிறார் என்றதற்கு மஸ்கட்டில் ஒரு வீட்டில் குழந்தை பார்த்துக்கொள்கிறார் என்றேன். திட்டுவார் என்று நின்றேன். என் தலைமேல் ஒரு நிமிடம் கையை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் பெரியம்மா விளக்கை என்னிடம் சொல்லாமல் அக்காவிடம் ஏற்றச் சொன்னாள். எனக்கு முதல் கரண்டிச் சோறு போட்டாள். சாப்பிட்ட பிறகு வெளியே கை கழுவப் போனபோது கயிற்றில் ஒரு சேலை காய்ந்துகொண்டிருந்தது. பொன்செல்வி அக்காவுக்கு மூலையில் கட்டிய அதே பழைய சேலை. காலையிலேயே துவைத்துப் போட்டிருக்கிறாள்போல. கண்காட்சிக்குக் கிளம்பும் அவசரத்தில் நான் கவனிக்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பெரியம்மா பின்னால் வந்து, "இன்னிக்கு உன் நாளு. போய்த் தூங்கு. காலையில பேசுவோம்" என்றாள். குரலில் கோபம் இல்லை.

அவளுக்குத் தெரிந்திருக்கிறது, அம்மா. எப்போது தெரிந்தது என்று தெரியவில்லை. தெரிந்தும் என்னை இன்று அந்த மேடைக்கு அனுப்பியிருக்கிறாள்.

அதனால் பொய் நேரம் சொல்லப்போவதில்லை. நாளை, ஆனது புதன்கிழமை என்றே சொல்லிவிடுவேன், இரண்டு நாற்பத்தேழு என்றே சொல்வேன். ஆனால் பிரம்மநாயகம் மாமா பார்சலை வாங்கிக்கொண்டு கிளம்பிய பிறகுதான். இல்லாவிட்டால் பெரியம்மா கணக்குப் போட்டுப் பார்த்து ஊறுகாயைக் கொட்டிவிடுவாள். இந்தக் கடிதமும் வெளியே விழும். நாளைக்கே போனில் உனக்குச் செய்தி வந்துவிடும், ஆனால் நான் முதலில் சொன்னது உனக்குத்தான். அதை மறந்துவிடாதே.

பேச்சிராஜா மாமா திரை வைப்பார், அக்காவுக்கு வைத்ததைப் போலவே. ரெடிமேட் வேண்டாம், என் பெயரை நானே செய்துகொள்கிறேன் என்று கேட்கப்போகிறேன். முத்துலேகாவும் ஐந்து எழுத்துதான், எண்ணிப் பார். அதே படங்களுக்கு மூன்றாவது உடை போட்டால் போதும். இன்னும் வரையவில்லை. உன் வீட்டுக்கார அம்மாவிடம் என் சடங்குக்கு லீவு சொல்லிவைத்திருப்பதாகப் போன வருடம் சொன்னாய். நீ வரும் தேதி தெரிந்த பிறகு வரைகிறேன்.

வெயிலில் மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போகாதே. அந்தக் குழந்தையைத் தூக்கித் தூக்கி இடுப்பு வலி என்றாயே, தைலம் பொடிப் பாக்கெட்டுக்குக் கீழே இருக்கிறது.

திங்கட்கிழமை நீ கூப்பிடும்போது ஸ்பீக்கரில்தான் இருப்பாய். எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். நான் சேலைக்குப் பின்னால் இருப்பேன், ஆனால் கேட்கும். நீ இந்தக் கடிதத்தைப் பற்றி எதுவும் பேச வேண்டாம். ஊறுகாய் நன்றாக இருந்தது என்று ஒரு வார்த்தை சொல், அம்மா. கெட்டுப்போயிருந்தாலும் நன்றாக இருந்தது என்றே சொல்.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும் மகள்,
முத்துலேகா