படுக்கையறையில் நெல்

பிப்ரவரி 9, திங்கள்

அறுத்த நெல்லை மகள் படுக்கும் அறையில் மூட்டைமூட்டையாக அடுக்குவது இந்த வீட்டு வழக்கம். அந்தத் தூசியில் நேற்றிரவு முழுக்க அவள் மூச்சுக்குத் தவித்தாள். இன்று ஆள் வைத்து எல்லா மூட்டைகளையும் மோட்டார் கொட்டகைக்கு மாற்றிவிட்டு, அறையை ஈரத்துணியால் துடைத்தேன்.

பூதலூரிலிருந்து வந்த நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை.

"லட்சுமிய வெளிய தள்ளிட்டீங்களே, அண்ணி. குடும்பம் விளங்குமா?"

"லட்சுமிக்கு மூச்சு வாங்காது. எம் பொண்ணுக்கு வாங்குது."

"படிச்சவங்ககிட்ட வாய் கொடுக்க முடியுமா?"

கணவர் நடுவில் புகுந்தார்.

"சாஸ்திரத்துக்கு ஒரு மூட்டையாவது உள்ள இருக்கட்டுமே."

"இருக்கட்டும். கூடத்துல உங்க கட்டிலுக்கு அடியில வச்சிக்குங்க."

தங்கைக்கு முன்னால் மறுக்க முடியாமல் வைத்துக்கொண்டார்.

மகள் சீராக மூச்சுவிட்டுத் தூங்குகிறாள். கூடத்தில் அவர் விடாமல் தும்முகிறார். தும்மட்டும். மூட்டையை நான் எடுக்கப்போவதில்லை. இந்த அறைக் கதவை மட்டும் சாத்திவிட்டேன்.